அறுபத்திரண்டு டிகிரி

கடியப்பட்டணத்துப் பெண்களின் காது லேசுப்பட்டது இல்லை. கடப்புறத்து மணலில் நின்றுகொண்டு, கண்ணுக்கே தெரியாத தூரத்தில் வருகிற வள்ளத்தின் எஞ்சின் சத்தத்தை வைத்தே அது யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். சொல்வதோடு விட்டால் பரவாயில்லை. "டிஜோவுக்க வள்ளமாக்கும், கேட்டியா. எஞ்சினு இருமுது. நாளைக்கு அவன் கடலுக்குப் போவ மாட்டான்" என்று வைத்தியமும் பார்த்துவிடுவார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் டிஜோ எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கரையில்தான் உட்கார்ந்திருப்பான்.

இப்படிப்பட்ட பதினொரு பெண்களையும் அவர்களுடைய மீன் பெட்டிகளையும் தினமும் காலையில் ஏற்றிக்கொண்டு குழித்துறைச் சந்தைக்குப் போகிற வேனை ஓட்டியவர் மரியஜான். அவருக்குக் காது கேட்காது.

முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. வலது காது சுத்தமாக அடைத்துப்போயிற்று. இடது காதில் கனத்த சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்து சேரும். கொச்சியில் ஆழ்கடல் போட்டில் பத்தொன்பது வருடம் எஞ்சின் அறைக்குள் கிடந்தார் அல்லவா, அதில் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்த சம்பாத்தியம் அது. போட்டை விட்டுக் கரையேறி ஏழு வருடம். காது போக ஆரம்பித்து மூன்று வருடம். ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பெண்டாட்டி லீமாவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மனுஷனுக்கு வயசான காலத்தில் திமிர் ஏறிவிட்டது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கிய? கேட்டா பதிலு சொல்லத் தெரியாதா?" என்று அவள் கத்துவதை இவர் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, சும்மா ஒரு "ம்" போடுவார். அதில் அவளுக்கு இன்னும் கோபம் வரும்.

சொல்லாமல் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. வேன் அவருடையது இல்லை. மீன் விற்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கிய வேன். செசிலி அந்தக் குழுவின் தலைவி. அறுபது வயது, வெற்றிலைக் காவி ஏறிய பல், பேசினால் எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஏழு வருடத்துக்கு முன்னால் ஓட்டுவதற்கு மூன்று பேர் வந்து நின்றபோது, "எஞ்சினுக்க சத்தம் கேட்டு நோவு சொல்லுற ஆளு இவருதான், சாவிய இவருகிட்ட குடு" என்று மரியஜானைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். அந்தக் காதுக்காகக் கிடைத்த வேலை அது. காது போயிற்று என்று தெரிந்தால் சாவியும் போகும். ஐம்பத்தாறு வயதில் இனி யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்? வேலை போவதுகூடக் கிடக்கட்டும், ஊரில் எல்லோரும் தன் முகத்துக்கு நேராக வந்து கத்திக் கத்திப் பேசுவார்களே என்று நினைக்கும்போதுதான் அவருக்கு நெஞ்சு காந்தியது.

ரோட்டைப் பற்றி அவருக்குப் பயமில்லை. இரண்டு கண்ணாடியிலும் கண்ணை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறதா என்று கேட்க வேண்டிய அவசியமில்லாமல், பஸ் கண்ணில் பட்டதுமே ஒதுங்கிக் கொடுத்துவிடுவார். அப்படி நினைத்துக்கொண்டிருந்தார். எஞ்சின் விஷயம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. காலில் தெரிகிற அதிர்வு, கியர் கம்பியின் நடுக்கம், இதை வைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்? தை மாதம் பெல்ட் ஒன்று தேய்ந்து ஒரு வாரமாகக் கீச்சிட்டிருக்கிறது. இவருக்குத் தெரியாது. செசிலி தோளில் தட்டி, "என்ன மரியஜானே, பெல்ட்டு இந்தக் கத்து கத்துது, மாத்த மாட்டியா?" என்று கேட்டபோது, "தெரியும், இன்னைக்கு மாத்தணும்னுதான் இருக்கேன்" என்று சமாளித்தார். அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் தங்கச்சி மகனுடைய புதுக் காரில் ஒரு ஸ்கிரீனைப் பார்த்தார். எஞ்சின் சூடு, சுற்று, பேட்டரி எல்லாம் நம்பர் நம்பராக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் பேசுவதைக் கண்ணால் கேட்கலாம் என்று அவருக்குப் பட்டது. மறுநாளே குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஜெப்சன் கடைக்குப் போனார்.

ஜெப்சன் கார்களுக்கு வயரிங் வேலையும் சாமான் வியாபாரமும் செய்கிறவன். முப்பது வயதிருக்கும். வேனை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இது தொண்ணூத்தெட்டு மாடலாக்கும். புது வண்டியில ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட்டு இருக்கும். அதுல ஒரு சாமானத்தச் சொருகுனா எஞ்சினுக்க ஜாதகம் பூரா ஸ்கிரீனுல வந்துரும். இதுல கம்ப்யூட்டரு எங்க கெடக்கு? இரும்பும் டீசலும்தான் கெடக்கு."

"அப்பம் நடக்காதா?"

"நடக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனியா சென்சாரு வெச்சு, வயரு இழுத்து, ஒரு சின்னப் பெட்டியில சேத்து, அதுலேருந்து ஸ்கிரீனுக்குக் குடுக்கணும். ரெண்டு நாளு வண்டி இங்ஙன நிக்கணும்."

சனியும் ஞாயிறும் வண்டி நின்றது. எஞ்சின் தலையில் தண்ணீர் வெளியே வருகிற வாயில் சூட்டுக்கு ஒரு சென்சார், ஆயில் பிரஷருக்கு ஒன்று, ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு வயர் எடுத்து எஞ்சின் சுற்றுக்கு ஒன்று. செத்துப்போய்க் கிடந்த பழைய மீட்டர்களுக்கு மேலே, உள்ளங்கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிய ஸ்கிரீன். சூடு மட்டும் நடுவில் பெரிய எழுத்தில் வரட்டும் என்று மரியஜான் சொன்னார். மற்றதெல்லாம் ஓரத்தில் சின்னதாக.

எல்லாம் முடிந்து சோதித்துப் பார்க்கும்போது ஜெப்சன் வண்டிக்குப் பின்னால் நின்று என்னவோ செய்துகொண்டிருந்தான். மரியஜான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்கிரீனை ரசித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஜெப்சன் முன்னால் வந்து, கதவோரம் நின்று, அவர் முகத்தையே பார்த்தான். அவன் கையில் சின்னதாகக் கறுப்பாக ஒரு டப்பா இருந்தது. அது நடுங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு இவர்களை முறைத்துப் பார்ப்பது தெரிந்தது. ஜெப்சன் டப்பாவின் வயரைப் பிடுங்கினான்.

காதைப் பற்றி அவன் ஒன்றும் விசாரிக்கவில்லை. வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "இது பஸ்ஸரு அண்ணே. ரேடியேட்டருல தண்ணி கொறஞ்சா கத்தும். சூடு சென்சாரு தண்ணி இருந்தாத்தான் ஒழுங்கா காட்டும். அதுனால இது இருக்கது நல்லது. நானூறு ரூவாதான்."

"வேண்டாம்."

"வெச்சுக்கிடுங்க அண்ணே. உங்களுக்கு இல்லாட்டாலும் கூட இருக்கவியளுக்கு—"

"வேண்டாம்னு சொன்னேன்லா."

ஜெப்சன் டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் இவரிடம் பேசும்போதெல்லாம் முகத்துக்கு நேராக நின்றுதான் பேசினான், ஆனால் குரலை உயர்த்தவில்லை. அதற்காகவே மரியஜானுக்கு அவனைப் பிடித்தது. அதற்காகவே அவனை மறுபடி பார்க்கப் பயமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை வேனில் ஏறிய பெண்களுக்கு ஸ்கிரீன் பெரிய வேடிக்கை. டிவி வைத்தாயிற்று, எப்போது நாடகம் போடுவாய் என்று கேட்டார்கள். இரண்டு நாளில் நம்பர் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது உபத்திரவம். எண்பத்து நாலு ஆனால் ஒருத்தி தோளில் தட்டுவாள். எண்பத்தாறு ஆனால் இன்னொருத்தி. இரணியல் ஏற்றத்தில் தொண்ணூறைத் தொட்டபோது, செசிலியின் மருமகள் அபினா, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டியை ஒட்டி உட்கார்கிறவள், மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தே விட்டாள்.

ரோட்டில் கண்ணை வைக்கவும் முடியாமல், திரும்பித் திரும்பி ஆள் ஆளாக வாயைப் பார்க்கவும் முடியாமல், மரியஜானுக்குப் பொறுமை போயிற்று. வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"எட்டியளே, இங்க பாருங்க. இனி எஞ்சினுக்கு என்னன்னு ஸ்கிரீனு சொல்லும். நீங்க யாரும் சொல்லாண்டாம். நூறு தாண்டுனா செவப்பா மாறும். அப்பம் நானே நிறுத்துவேன். செவப்பு வராத வரைக்கும் யாரும் வாயத் தெறக்கப்பிடாது. சத்தம் கேக்குது, மணம் வருது, ஒண்ணும் வேண்டாம்."

அவர் சொன்னது செசிலிக்கு நியாயமாகப் பட்டது. குழுவின் காசில் ஒன்பதாயிரம் கொடுத்து வைத்த சாமான். அது எதற்கு இருக்கிறது? டிரைவரைத் தொந்தரவு செய்வது ஆபத்து என்று அவள் எல்லோருக்கும் முன்னால் சட்டமாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வேனில் மீன் விலை பேசினார்கள், மருமகள்களைப் பேசினார்கள், கோயில் திருவிழாக் கணக்கில் யார் எவ்வளவு அடித்தான் என்று பேசினார்கள். எஞ்சினைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

மரியஜான் மூன்று வருடத்தில் முதல் தடவையாக நிம்மதியாக ஓட்டினார். ஒரு நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தார்.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. விடியலிலிருந்தே சாரல். அன்று வலையில் நெத்திலி நல்ல பாடு, பெட்டி பத்தொன்பது ஏறியது. வெள்ளிக்கிழமை குழித்துறையில் கூட்டம் அவ்வளவு இருக்காது, எட்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தால்தான் உண்டு என்று எல்லோருக்கும் அவசரம், வெப்ராளம். மணவாளக்குறிச்சி தாண்டும்போது ஸ்கிரீனில் எண்பத்து மூன்று. திங்கள்நகரில் எண்பத்தெட்டு.

இரணியலில் எண்பத்தெட்டு எண்பதானது. தக்கலை போகும்போது எழுபத்தொன்று. மரியஜான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். மழை வலுத்திருந்தது. மழைக் குளிர்ச்சியில் எஞ்சினும் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தார். வெயில் காலத்தில் இந்த இடத்தில் தொண்ணூறுக்குக் குறையாது. நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டார்.

அழகியமண்டபத்தில் அபினா இவர் பக்கம் திரும்பி என்னவோ சொன்ன மாதிரி இருந்தது. அப்போது முன்னால் ஒரு தண்ணீர் லாரி திரும்பிக்கொண்டிருந்ததால் அவர் கண்ணை எடுக்கவில்லை. லாரி போன பிறகு பார்த்தார். அபினா சேலையை முழங்கால் பக்கமாக இழுத்து விட்டுக்கொண்டு, ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவரும் பார்த்தார். அறுபத்திரண்டு.

சாமியார்மடம் தாண்டினால் ஒரு ஏற்றம். அதில் வண்டி இழுக்கவில்லை. கியரைக் குறைத்தார். அப்போதும் இழுக்கவில்லை. பெட்டி பத்தொன்பது, பாரம் கூடுதல் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இன்னும் மிதித்தார். ஸ்கிரீனில் அறுபத்திரண்டுதான் நின்றது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, பார்க்கவே குளுமையாக.

பிறகு கால் வழியாக ஒரே ஒரு அடி விழுந்தது. உதறல்கூட இல்லை. எஞ்சின் இறுகிப்போய் நின்றது. பழக்கத்தில் கிளட்சை மிதித்து வண்டியை இடதுபக்கம் மண்ணில் ஒதுக்கி நிறுத்தியதால் யாருக்கும் அடிபடவில்லை. பக்கத்தில் எஞ்சின் பெட்டியின் மூடியைத் தூக்கியபோது அடித்த அனலில் மரியஜானின் புருவ முடி கருகியது. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நின்றார்.

மீனை இரண்டு லோடு ஆட்டோ பிடித்துக் குழித்துறைக்கு அனுப்பினார்கள். பெண்களும் அதிலேயே தொற்றிக்கொண்டு போனார்கள். போய்ச் சேரும்போது ஒன்பதரை. விற்றது பாதி, மிச்சத்தைக் கோழித் தீவனத்துக்கு எடுக்கிறவனிடம் தள்ளிவிட்டார்கள். வேனைக் கட்டி இழுத்து மார்த்தாண்டத்தில் நாராயணபெருமாள் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டாயிற்று. மத்தியானம் பெண்கள் வெறும் பெட்டிகளோடு அங்கே வந்து சேர்ந்தபோது எஞ்சினின் தலை கழற்றித் தரையில் கிடந்தது.

நாராயணபெருமாள் நாற்பது வருடமாக டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவர். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். மரியஜான் அவருடைய வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எஞ்சினு போச்சு. தண்ணி பம்புக்க பேரிங்கு ஒடஞ்சு, கத்திக் கத்தியாக்கும் செத்துருக்கு. அதுல சீலு பொளந்து தண்ணி பூரா ஒழுகிட்டு. மழையில ரோட்டுல ஒழுகுனது யாருக்குத் தெரியும்?"

"ஸ்கிரீனுல அறுபத்திரண்டுன்னுல்லா காட்டுச்சு?" என்றாள் செசிலி.

"தண்ணிக்குள்ள முங்கி இருந்தாத்தான் சென்சாரு சூடு காட்டும். தண்ணி போன பொறவு அது சும்மா காத்துல தொங்குது. அடுப்பு எரியுது, பானையில தண்ணி இல்ல. தண்ணிக்கச் சூடு எவ்வளவுன்னு கேட்டா அது என்ன சொல்லும்?" அவர் பம்பைத் தூக்கிக் காட்டினார். "இது குறைஞ்சது பத்து கிலோமீட்டரு அலறிருக்கும் வே. பொறவு பிஸ்டனு அடிச்சிருக்கும். வண்டியில எத்தன பேரு இருந்திய?"

"பன்னெண்டு பேரு."

"பன்னெண்டு பேருல ஒருத்தருக்குக்கூடவா கேக்கல்ல?"

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடலில் வரும் வள்ளத்துக்குப் பெயர் சொல்கிறவர்கள் அவர்கள்.

"கேட்டுது," என்றாள் செசிலி. "திங்கள்நகரு தாண்டுனப்பமே எல்லாருக்கும் கேட்டுது. தக்கலையில இரும்பு அரைக்க மாதிரி இருந்து. ஆனா ஸ்கிரீனுல நம்பரு கொறஞ்சுக்கிட்டே போச்சு. டிரைவரும் ஒண்ணும் சொல்லல்ல. அவருக்குக் கேக்காததா நமக்குக் கேக்கப் போவுதுன்னு இருந்துட்டோம்." சொல்லிவிட்டு மரியஜான் பக்கம் திரும்பினாள். "உனக்கும் கேட்டுதுல்லா மரியஜானே?"

அவளுடைய வாய் தெளிவாகத் தெரிந்தது. பதினொரு பெண்களும் நாராயணபெருமாளும் இவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நானும் ஸ்கிரீனத்தான் நம்புனேன்," என்றார் மரியஜான்.

அது பொய் இல்லை. ஆனால் சொன்ன உடனே அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது, ஏனென்றால் அந்த ஒரு வார்த்தையில் பழி முழுக்க வேறொருத்தன் தலைக்குப் போய்விட்டது என்று அவருக்குத் தெரிந்தது. செசிலி மீன் பெட்டியை அங்கேயே வைத்தாள். "வாங்கட்டி, அந்தக் கடைக்காரன ஒண்ணு பாத்துட்டு வருவோம்."

கடியப்பட்டணத்துப் பெண்கள் ஒரு கடைக்கு நியாயம் கேட்கப் போவதைப் பார்த்தவர்கள் அப்புறம் அந்தக் கடைப் பக்கம் போக மாட்டார்கள். மூன்று ஆட்டோவில் போய் இறங்கினார்கள். ஜெப்சன் கடையில் இரண்டு பேர் சாமான் வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பில்கூட வாங்காமல் நழுவினார்கள். வேடிக்கை பார்க்க எதிர்க்கடையில் ஆள் கூடியது. ஜெப்சனின் அப்பன், பாட்டன், அவன் படித்த பள்ளிக்கூடம், அவன் போகிற சர்ச் எதையும் விட்டுவைக்கவில்லை. ஒரே சமயத்தில் ஆறு வாய் அசைந்தது. மரியஜானால் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. ஜெப்சன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

ஜெப்சன் ஒரு தடவை இவரை ஏறிட்டுப் பார்த்தான். இவர் பார்வையைத் தாழ்த்தினார். திரும்ப நிமிர்ந்தபோது அவன் செசிலியிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"எனக்க தப்புதான் அக்கா. தண்ணி கொறஞ்சா கத்துறதுக்கு ஒரு பஸ்ஸரு வெச்சிருக்கணும். வெக்கல்ல. வாங்குன ரூவாயத் திருப்பித் தாறேன். எஞ்சினு வேலைக்கும் என்னால ஆனதத் தாறேன்."

"அந்தப் பஸ்ஸரு எத்தர ரூவா?"

"நானூறு."

"நானூறு ரூவா சாமானத்த வெக்காம பன்னெண்டு பேரக் கொல்லப் பாத்தியா நீ? இனி உனக்க கடையில ஒருத்தன் வண்டிய நிறுத்துவானா பாரு. சந்தை முழுக்கச் சொல்லுவேன்."

ஒரு வார்த்தை சொன்னால் ஜெப்சன் தப்பித்துவிடலாம். சொல்லாமல் நின்றான். மரியஜான் பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"அவன் வெக்கணும்னுதான் சொன்னான். நான்தான் வேண்டாம்னேன்."

செசிலிக்குப் புரியவில்லை. "நானூறு ரூவாயப் பாத்தா வேண்டாம்னே?"

"இல்ல. அது கத்துனா உங்க எல்லாருக்கும் கேக்கும். எனக்குக் கேக்காது."

வாய்களெல்லாம் நின்றன. அது அவருக்குக் கண்ணாலேயே தெரிந்தது.

"எனக்கு எஞ்சினு சத்தமும் கேக்கல்ல. இப்பம் நீங்க இவனப் பேசுனதும் கேக்கல்ல. ஒரு காது சுத்தமாப் போச்சு. மத்ததும் போய்க்கிட்டு இருக்கு."

அபினா பக்கத்தில் வந்து நின்றாள். அவளுடைய வலதுகாலில் கணுக்காலுக்கு மேலே தோல் சிவந்து கொப்பளம் போட்டிருந்தது. "நான் சொன்னேன் மாமா. அழகியமண்டபத்துல. காலு சுடுதுன்னு சொன்னேன். நீங்க திரும்பிப் பாக்கல்ல. சொல்லப்பிடாதுன்னு சொல்லியும் சொல்லுறாளேன்னு கோவமா இருக்கியன்னு நெனச்சேன்."

"கேக்கல்ல மக்கா," என்றார். அந்தக் காலைப் பார்க்க முடியாமல் நின்றார்.

"எப்பத்திலேருந்து?" என்று கேட்டாள் செசிலி.

"மூணு வருசம்."

மூன்று வருடத்தில் ஏறி இறங்கிய நாளையெல்லாம் அவள் உள்ளே ஓட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "போன கிறிஸ்மசுக்கு முன்னால தக்கலையில பஸ்ஸுகாரன் நம்மள இடிக்க வந்தான். அவன் அவ்வளவு தூரத்துலேருந்து ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தான். நீ ஒதுங்கல்ல. நாங்க அவனத்தான் பேசுனோம். நீ அவனுக்க சட்டையப் பிடிச்ச. ஓர்மை இருக்கா?"

இருந்தது. அன்று பஸ் டிரைவரின் தப்பு என்றே இவரும் நம்பியிருந்தார். இந்த நிமிஷம் வரைக்கும் நம்பியிருந்தார்.

"ஞாயித்துக்கிழமைகளுல எனக்க பேரப்பிள்ளையளும் அந்த வண்டியில ஏறிருக்குவு," என்றாள் செசிலி. பெண்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எல்லோரும் கடையின் ஒரு மூலைக்குப் போனார்கள். இவருக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்று பேசத் தொடங்கினார்கள்.

அது ரியர்வியூ கண்ணாடி விற்கிற மூலை. சுவர் முழுக்கக் கண்ணாடிகள் தொங்கின. செசிலியின் வாய் ஒரு கண்ணாடியில் தெரிந்தது, அபினாவின் வாய் இன்னொன்றில். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்துவிடலாம். மூன்று வருடமாக அவர் செய்தது அதைத்தானே. மரியஜான் பார்வையைத் தரைக்குக் கொண்டுவந்தார். ஜெப்சன் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவர் உட்காரவில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. தோளில் ஒரு கை பட்டது. செசிலி நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தபடியே என்னவோ சொன்னாள். துணிக்குப் பின்னால் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் அவர் தலையை ஆட்டிவிடுவார். இல்லாவிட்டால் லேசாகச் சிரிப்பார். எந்தக் கேள்விக்கும் ஓரளவு பொருந்துகிற சிரிப்பு ஒன்று அவரிடம் இருந்தது.

"கேக்கல்ல மைனி," என்றார். "துணிய எடுத்துட்டு இன்னொருக்கச் சொல்லு."

செசிலி முந்தானையைக் கீழே விட்டாள். அவருக்கு நேராக நின்று, கத்தாமல், மெதுவாகச் சொன்னாள்.

"சாவியத் தா மரியஜானே."